நுவரெலியாவில் சரிவான புல்தரைக்கு ஜீரோ டர்ன் புல்வெட்டி சரிவருமா?

கேள்வி: வீட்டுப் புல்தரை 80 பேர்ச் (அரை ஏக்கர்). பாதி மட்டம், பாதி சரிவு. 42 அங்குல அகலம் வெட்டுற ஜீரோ டர்ன் (உட்கார்ந்து ஓட்டுற, நின்ற இடத்திலேயே திரும்புற புல்வெட்டி) எடுக்கலாமா அண்ணே?

பதில்: முதல்ல சரிவை அளங்க தம்பி. 1 மீட்டர் சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் வச்சு, ரசமட்டம் பார்த்துப் பிடிங்க. மறுமுனைக்குக் கீழே 27 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 15 பாகை. பெரும்பாலான ஜீரோ டர்னுக்கு அதுதான் எல்லை. முன்சக்கரம் சும்மா சுழலும். திருப்புறதும் நிறுத்துறதும் பின்சக்கரம்தான். ஈரப்புல்லில் அது வழுக்கினால் மெசின் உங்க கையில் இல்லை. கான் (வடிகால்) ஓரம் போகவே வேண்டாம்.

பதில்: இன்னொன்று, 1,868 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. கார்புரேட்டர் எஞ்சின் பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போயிடும். கரும்புகை வந்தால் காற்றுக்கு மிஞ்சி பெட்ரோல் போகுதுன்னு அர்த்தம்; கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துற துளையான மெயின் ஜெட்டைச் சின்னதா மாத்துங்க.

கேள்வி: அளந்தேன், 34 சென்டிமீட்டர்.

பதில்: அப்போ சரிவுக்குத் தள்ளுமெசின்தான். குறுக்கா வெட்டுங்க, மேல்கீழா வேண்டாம்.