ஒரே மெமரி பாதுகாப்பு ஆப்ஷனுக்கு மாறிய பின் கெஸ்டில் டிஸ்க் காணவில்லை – க்யூஎமு, கேவிஎம்

இரவுநேர அட்மின்

வணக்கம் நண்பர்களே. எங்களிடம் ஏஎம்டி எபிக் சர்வர்களும் ஒரு ஐபிஎம் இசட்15 எந்திரமும் இருக்கின்றன. இரண்டிலும் கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் விர்ச்சுவலைசேஷன் வசதி) கெஸ்டுகளை, அதாவது விர்ச்சுவல் மெஷின்களை, அவற்றை ஓட்டும் ஹோஸ்ட் எட்டிப் பார்க்க முடியாதபடி மெமரி பாதுகாப்போடு ஓட்டுகிறோம். ஏஎம்டியில் எஸ்இவி (கெஸ்ட் மெமரியை என்கிரிப்ட் செய்யும் வசதி), இசட்டில் அதே நோக்கத்துக்கான புரொடெக்டட் விர்ச்சுவலைசேஷன். லிப்விர்ட் என்ற மேலாண்மைக் கருவி இல்லை. கெஸ்டை ஓட்டும் க்யூஎமு நிரலுக்கான கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் நேரடியாக உருவாக்குகிறது.

அந்த ஸ்கிரிப்ட்டில் ஏஎம்டிக்கு ஒரு கிளை, இசட்டுக்கு ஒரு கிளை என்று வளர்ந்து யாரும் தொடப் பயப்படும் நிலைக்கு வந்துவிட்டது. க்யூஎமு 6.0 முதல் 'கான்ஃபிடென்ஷியல்-கெஸ்ட்-சப்போர்ட்' என்ற ஒரே மெஷின் ஆப்ஷன் எல்லா வகைக்கும் பொது என்பதால், கிளைகளை எடுத்துவிட்டு அதற்கு மாற்றினோம். இப்போது மூன்று விதமான விளைவு:

எபிக் இரண்டாம் தலைமுறை ஹோஸ்டில் கெஸ்ட் தொடங்குகிறது, கர்னல் லோட் ஆகிறது, அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்க் வரும்முன் கர்னல் பயன்படுத்தும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) ஷெல்லில் வந்து நிற்கிறது. ரூட் டிஸ்க் இல்லையாம். கர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் க்யூஎமு வழியாக நேரடியாகவே கொடுக்கிறோம்.

எபிக் மூன்றாம் தலைமுறையில் க்யூஎமுவே கிளம்பவில்லை. சிபிட்பாஸ் (என்கிரிப்ஷனைக் குறிக்கும் பிட்டின் இடம்) சரிபார்ப்பு தோல்வி, ஹோஸ்டில் 51, கேட்டது 47 என்று சொல்லி நின்றுவிடுகிறது.

இசட்டில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் சோதனைக்காக அந்த ஆப்ஷனை நீக்கிப் பார்த்தால், அப்போதும் பாதுகாப்போடுதான் ஓடுகிறது! அப்படியானால் அந்த ஆப்ஷன் அங்கே என்ன செய்கிறது?

சும்மா வந்தவன்

கெஸ்டுக்குக் காட்டும் டிஸ்க்கை விர்ட்டியோவிலிருந்து (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உருவான வேகமான டிவைஸ் வகை) சாதாரண சாட்டாவுக்கு மாற்றிப் பாருங்கள். எங்களுக்கும் இதே பிரச்சினை, மாற்றியதும் சரியாகிவிட்டது.

பழைய கன்சோல்

சாட்டாவுக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேகம் போய்விடும், காரணமும் அப்படியே இருக்கும். நாளைக்கு நெட்வொர்க் கார்டு இதே காரணத்துக்காகப் படுக்கும். அதனால் அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இரவுநேர அட்மின், இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, அந்த இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் கர்னல் லாக்கில் விர்ட்டியோ என்று வரும் வரிகள். இன்னொன்று, ஸ்கிரிப்ட் கடைசியில் உருவாக்கும் டிவைஸ் வரி. டெம்ப்ளேட்டில் இருப்பது வேண்டாம், ஓடும் ப்ராசஸின் கட்டளை வரியைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.

இரவுநேர அட்மின்

லாக்கில் விர்ட்டியோ டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் ஒரே எச்சரிக்கை: டிவைஸ் 'ஆக்சஸ் பிளாட்ஃபார்ம்' வசதியைத் தந்தே ஆகவேண்டும் என்கிறது.

டிவைஸ் வரியில் 'ஐஓஎம்எம்யூ_பிளாட்ஃபார்ம்' ஆஃப் என்று இருக்கிறது. பழைய ஏஎம்டி டெம்ப்ளேட்டில் எல்லா டிவைஸுக்கும் அது ஆஃப். ஏஎம்டி கிளைதான் அதே வரியின் கடைசியில் ஆன் என்று ஒட்டும். கிளையை எடுத்தபோது ஆன் போய், ஆஃப் தங்கிவிட்டது. ஆனால் புதிய ஆப்ஷன் இதைத் தானாகவே ஆன் செய்யும் என்று படித்தேனே?

பழைய கன்சோல்

செய்யும். ஆனால் அது மாற்றுவது இயல்பு மதிப்பை மட்டும். நீங்கள் டிவைஸ் வரியில் வெளிப்படையாக ஒன்றை எழுதினால் அதுதான் செல்லும். முதல் பிரச்சினையின் முழுக்கதையும் இதுதான்.

ஏன் இது தேவை என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். சாதாரண விர்ட்டியோவில் கெஸ்ட் டிரைவர் தன் மெமரி முகவரியை அப்படியே ஹோஸ்டுக்குச் சொல்லும், க்யூஎமு நேராக அந்த இடத்தைப் படிக்கும். எஸ்இவி கெஸ்டில் அந்த இடம் என்கிரிப்ட் ஆகியிருக்கும். க்யூஎமு படித்தால் குப்பைதான் கிடைக்கும். ஐஓஎம்எம்யூ_பிளாட்ஃபார்ம் ஆன் என்றால் கெஸ்ட் கர்னல் வழக்கமான டிஎம்ஏ (டிவைஸ் நேரடியாக மெமரியை அணுகும் முறை) வழியில் போகும். அந்த வழியில் பவுன்ஸ் பஃபர் இருக்கிறது, அதாவது என்கிரிப்ட் செய்யாமல் ஹோஸ்டோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு மெமரிப் பகுதி. டேட்டா முதலில் அங்கே நகலாகும், க்யூஎமு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். புதிய கர்னல்கள் இந்த வசதி இல்லாத விர்ட்டியோ டிவைஸை ஏற்கவே மறுக்கின்றன. நீங்கள் பார்த்த எச்சரிக்கை அதுதான். பழைய கர்னலாக இருந்தால் எதுவும் சொல்லாமல் தொங்கியிருக்கும், தேடுவது இன்னும் கஷ்டம்.

சாட்டா ஏன் வேலை செய்கிறது என்பதும் இதில் அடங்கிவிட்டது. அதன் டிரைவர் எப்போதும் டிஎம்ஏ வழியில்தான் போகும்.

கர்னலை நேரடியாகக் கொடுப்பதால்தான் உங்கள் கெஸ்ட் இவ்வளவு தூரமாவது வந்தது. டிஸ்க்கிலிருந்து பூட் செய்திருந்தால் கெஸ்டைப் பூட் செய்யும் ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேருக்கே டிஸ்க் தெரிந்திருக்காது.

ஆகவே டிவைஸ் வரிகளில் ஐஓஎம்எம்யூ_பிளாட்ஃபார்ம், டிசேபிள்-லெகசி (பழைய விர்ட்டியோ முறையை அணைப்பது) இரண்டையும் முழுக்க எடுத்துவிடுங்கள். ஆன் என்றுகூட எழுத வேண்டாம். மெஷின் ஆப்ஷன் இருந்தால் க்யூஎமு இரண்டையும் ஆன் ஆக்கும். கூடவே மெமரி மெர்ஜையும் அணைத்துவிடும். ஹோஸ்டால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபோது ஒரே மாதிரிப் பக்கங்களைத் தேடி இணைப்பதில் அர்த்தமில்லையே.

மூன்றாம் தலைமுறை விஷயம் தனி. சி-பிட் என்பது பேஜ் டேபிளில் 'இந்தப் பக்கம் என்கிரிப்ட் ஆனது' என்று குறிக்கும் பிட். முதல் இரண்டு எபிக் தலைமுறைகளில் அது 47ஆம் இடத்தில், மூன்றாவதில் 51இல். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 47 என்றே இருக்கும், எல்லோரும் அதையே நகலெடுப்பார்கள். எண்ணை ஸ்கிரிப்ட்டில் கையால் எழுதாதீர்கள். க்யூஎமுவின் க்யூஎம்பி (ஓடும் க்யூஎமுவோடு பேசும் கட்டளை இடைமுகம்) வழியாக எஸ்இவி திறன்களைக் கேட்டால் அந்த ஹோஸ்டுக்கான சிபிட்பாஸ் வந்துவிடும். சிபியூ தன் திறன்களைச் சொல்லும் சிபியூஐடி கட்டளையிலிருந்தும் எடுக்கலாம்: 8000001எஃப் என்ற இலையில் ஈபிஎக்ஸின் கீழ் 6 பிட்கள். என்கிரிப்ஷனுக்காக மெமரி முகவரியில் குறைக்கும் பிசிக்கல் பிட் எண்ணிக்கைக்கு 1 போதும், அதை மாற்ற வேண்டாம்.

இரவுநேர அட்மின்

ஆஃப் வரியை எடுத்ததும் டிஸ்க் வந்துவிட்டது, நெட்வொர்க்கும் வந்துவிட்டது. 51 கொடுத்ததும் மூன்றாம் தலைமுறையும் கிளம்பியது. மிக்க நன்றி அண்ணா.

ஆனால் இப்போது ஒரு நெருடல். பொதுவான ஆப்ஷன் என்றார்கள், ஆனால் சிபிட்பாஸ், பாலிசி (கெஸ்டுக்கான பாதுகாப்பு விதிகளைக் குறிக்கும் எண்) எல்லாம் இன்னும் ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மாறுகிறதே. இதில் எது ஒன்றானது?

பழைய கன்சோல்

ஒன்றானது வெளியே இருக்கும் கைப்பிடி மட்டும். 2018இல் வந்த 2.12இல் 'மெமரி-என்கிரிப்ஷன்' என்று இருந்த மெஷின் ஆப்ஷன் எஸ்இவிக்காகவே எழுதப்பட்டது. பிறகு பவர்9இல் பிஇஎஃப், இசட்டில் புரொடெக்டட் விர்ச்சுவலைசேஷன் என்று வரிசையாக வந்தபோது, ஒவ்வொன்றுக்கும் தனி ஆப்ஷன் வைப்பதைத் தவிர்க்கத்தான் 2021இல் இந்தப் பொதுப் பெயர். பெயரில் 'என்கிரிப்ஷன்' இல்லாததும் காரணத்தோடுதான். பிஇஎஃப்பில் மெமரியை என்கிரிப்ட் செய்வதில்லை, அல்ட்ராவைசர் என்ற அடுக்கு ஹோஸ்டுக்கு அந்த மெமரியை எட்டவிடாமல் தடுக்கிறது.

மெஷின் ஆப்ஷன் ஓர் ஆப்ஜெக்டின் ஐடியைச் சுட்டும், அவ்வளவுதான். ஆப்ஜெக்டின் வகை மாறும்: எஸ்இவி-கெஸ்ட், பிஇஎஃப்-கெஸ்ட், எஸ்390-பிவி-கெஸ்ட். பின்னால் 9.1இல் எஸ்இவி-எஸ்என்பி-கெஸ்ட் (எஸ்இவியின் அடுத்த வடிவமான எஸ்என்பிக்கு), 10.1இல் டிடிஎக்ஸ்-கெஸ்ட் (இன்டெலின் இதே போன்ற வசதிக்கு) சேர்ந்தன. அதனால் ஸ்கிரிப்ட்டில் எல்லாக் கெஸ்டுக்கும் ஒரே ஐடி வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஜெக்ட் வரியை மட்டும் ஹோஸ்டுக்கு ஒரு கோப்பில் போட்டு, தொடங்கும்போது சேர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் பொது. உள்ளே இருக்கும் அளவுருக்களையும் பொதுவாக்க முயல வேண்டாம். வன்பொருள்கள் உண்மையிலேயே வேறு, அங்கே கைவைத்தால் பழைய கிளைகள் வேறு பெயரில் திரும்பி வரும்.

பழைய பெயரை க்யூஎமு இன்னும் ஏற்று உள்ளே புதிய ஆப்ஷனுக்குத் திருப்பிவிடுகிறது. எல்லா ஹோஸ்டையும் ஒரே இரவில் மாற்ற வேண்டிய அவசரம் இல்லை.

இசட் பக்கம்

மூன்றாவது கேள்வி என் ஏரியா. இசட்டில் கெஸ்ட் சாதாரணமாகத் தொடங்கி, பூட்டின் நடுவே தானே அல்ட்ராவைசரைக் கேட்டுப் பாதுகாப்பு நிலைக்கு மாறுகிறது. ஹோஸ்ட் கர்னலில் 'ப்ராட்_விர்ட்' 1 ஆக இருந்து, சிபியூ மாடலில் 'அன்பேக்' வசதி இருந்து, பூட் இமேஜை ஜென்ப்ராட்இமேஜ் என்ற கருவி கொண்டு தயாரித்திருந்தால் மெஷின் ஆப்ஷன் இல்லாமலும் மாறிவிடும். நீங்கள் பார்த்தது அதுதான், பிழை இல்லை.

ஆப்ஷன் கொடுத்தால் கிடைப்பது இரண்டு. சிபியூவில் அந்த வசதி இல்லையென்றால் க்யூஎமு தொடக்கத்திலேயே மறுத்துவிடும். விர்ட்டியோவின் இயல்பு மதிப்புகளும் ஏஎம்டியில் போலவே தானாக அமையும். உங்கள் இசட் டிவைஸ் வரிகளில் ஐஓஎம்எம்யூ_பிளாட்ஃபார்ம் ஆன் என்று கையால் எழுதியிருப்பீர்கள், அதனால் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வரிகளை எடுத்துவிட்டு ஆப்ஷனையும் நீக்கிப் பாருங்கள், அப்போது புரியும்.

இன்னொன்று: ஏஎம்டி ஹோஸ்டுகளில் ஹியூஜ் பேஜ் (வழக்கத்தைவிடப் பெரிய மெமரிப் பக்கங்கள்) வைத்திருந்தால் அதைப் பொது டெம்ப்ளேட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இசட்டில் பாதுகாக்கப்பட்ட கெஸ்டுக்கு ஹோஸ்ட் பக்க ஹியூஜ் பேஜ் ஆதரவு இல்லை. ஹோஸ்டின் நிஜ டிவைஸை நேரடியாகக் கெஸ்டுக்குக் கொடுக்கும் விஎஃப்ஐஓ பாஸ்த்ரூவையும் அதே கணக்கில் வையுங்கள்.

சும்மா வந்தவன்

பாதுகாப்பு உண்மையில் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆப்ஷன் கொடுத்தாலே போதுமா?

பழைய கன்சோல்

நல்ல கேள்வி. க்யூஎமு பக்கம், ஆப்ஷன் கொடுத்துவிட்டு பாதுகாப்பு தொடங்கப்படாமலே கெஸ்ட் ஓடிவிடக் கூடாது என்பதற்காக உள்ளே ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. கெஸ்ட் பக்கம், ஏஎம்டியில் கர்னல் லாக்கில் மெமரி என்கிரிப்ஷன் வசதிகள் செயல்பாட்டில் என்று எஸ்இவி பெயரோடு ஒரு வரி வரும். இசட்டில் சிஸ்எஃப்எஸ்ஸின் (கர்னல் தகவலைக் காட்டும் அடைவு) ஃபர்ம்வேர் பகுதியில் யூவி என்ற அடைவுக்குள் 'ப்ராட்_விர்ட்_கெஸ்ட்' 1 என்று காட்டும்.

ஆனால் இவை தவறான அமைப்பைக் கண்டுபிடிக்கத்தான். ஹோஸ்டையே நம்பாதவர் கெஸ்ட் லாக்கை நம்பி என்ன பயன்? அவருக்கு அட்டஸ்டேஷன், அதாவது வன்பொருளே தரும் சான்று வேண்டும். எஸ்இவியில் லாஞ்ச் மெஷர்மென்ட்டை (தொடக்கத்தில் கெஸ்டில் ஏற்றியவற்றின் கைரேகை போன்ற மதிப்பு) வெளியே எடுத்துச் சரிபார்த்த பிறகே டிஸ்க் சாவியை உள்ளே அனுப்ப வேண்டும். வெறும் எஸ்இவி மெமரியை மறைக்கும், ஹோஸ்ட் அதைக் குலைப்பதைத் தடுக்காது. அது எஸ்என்பியில்தான் வருகிறது.

இரவுநேர அட்மின்

கடைசியாக ஒன்று. எஸ்என்பிக்குப் போவதானால் ஆப்ஜெக்ட் வரியை மாற்றினால் போதுமா? லைவ் மைக்ரேஷன் (கெஸ்டை நிறுத்தாமல் வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) முடியுமா?

பழைய கன்சோல்

மெஷின் ஆப்ஷன் அப்படியே இருக்கும். ஆப்ஜெக்ட் வகை மாறும், பாலிசி எண்ணும் வேறு, எஸ்இவி பாலிசியை நகலெடுத்தால் நடக்காது. ஹோஸ்ட் கர்னல் 6.11 அல்லது மேல் வேண்டும். ஃபர்ம்வேரைப் பிஃப்ளாஷ் (விர்ச்சுவல் ஃப்ளாஷ் சிப்) டிரைவாகக் கொடுத்திருந்தால் பயாஸ் ஆப்ஷனுக்கு மாற்றுங்கள். நெட்வொர்க் கார்டின் பூட் ரோமைக் குறிக்கும் ரோம்ஃபைல் மதிப்பை இப்போதே காலியாக விட்டுவிடுவது நல்லது, அந்த பூட் ரோமுக்கும் எஸ்இவிக்கும் ஒத்துவராது.

மைக்ரேஷனை எஸ்இவி கெஸ்டுக்கு க்யூஎமு தடுத்தே வைத்திருக்கிறது. என்கிரிப்ஷன் பிசிக்கல் முகவரியையும் சேர்த்தே நடப்பதால், ஹோஸ்ட் ஒரு பக்கத்தை வேறிடத்துக்கு நகர்த்தினால் உள்ளடக்கம் கெட்டுவிடும். அதனால்தான் எஸ்இவி கெஸ்டின் ரேம் முழுவதும் பின் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது இடம் மாறாதபடி பூட்டப்பட்டிருக்கிறது, ஸ்வாப்புக்கும் போகாது. ஹோஸ்டில் ரேமை அதிகமாகப் பங்கிட்டிருந்தால் அதையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு நாளில் கெஸ்டை நிறுத்தி அடுத்த ஹோஸ்டில் தொடங்குவதுதான் வழி, அங்கே சிபிட்பாஸை அந்த ஹோஸ்டின் கோப்பிலிருந்து எடுப்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.