'கெட்டின் ஸ்கொயர்' பார்த்தவர்கள் இடறி விழும் இடங்கள்: உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்

2003-இல் வந்த ஆஸ்திரேலியப் படம். ஜொனதன் டெப்லிட்ஸ்கி இயக்கம். கதை நடப்பது குவீன்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட்டில். சிறையிலிருந்து பரோலில் வந்த பாரி (சாம் வொர்த்திங்டன்), பழைய தாதா டப்பா (திமதி ஸ்பால்) நடத்தும் உணவகத்தில் சமையல் வேலைக்குச் சேர்கிறான். இருவருக்கும் ஒரே ஆசை, இனி வம்பு வேண்டாம். ஊர் விட்டால்தானே?

முதலில் தலைப்பு. அங்கத்திய குற்ற உலகப் பேச்சில் 'ஸ்கொயர்' என்றால் குற்றம் செய்யாமல் சம்பளத்துக்கு உழைத்துச் சாப்பிடுகிறவன். அதே சொல்லுக்குக் கணக்குத் தீர்ப்பது, பழி வாங்குவது என்றும் அர்த்தம். படம் முழுக்க இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றை ஒன்று துரத்துகிறது. 'திருந்தியவர்கள்' என்று மொழிபெயர்த்தால் பாதிப் படம் போய்விடும். 'கணக்கு நேர்' ஓரளவு ஒட்டுகிறது.

எழுதியவர் கிறிஸ் நிஸ்ட், கோல்ட் கோஸ்ட்டில் தொழில் செய்யும் வழக்கறிஞர். அதனால் இதில் துப்பாக்கியை விடத் தாள்தான் ஆபத்தான ஆயுதம். சட்டப் பக்கம் தெரிந்தவர்கள் வாருங்கள்.

———

பரோல் பகுதி மட்டும் சொல்கிறேன். குவீன்ஸ்லாந்தில் இப்போது நடப்பில் இருப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். படம் அதற்கு முந்தியது. ஆனால் பிடி அதே பிடிதான்.

பரோல் உத்தரவு எதுவானாலும் சில நிபந்தனைகள் உண்டு. சொன்ன நாளில் சொன்ன அலுவலகத்தில் தலை காட்ட வேண்டும். வீட்டுக்கு அதிகாரி வந்தால் கதவைத் திறக்க வேண்டும். கேட்டால் சிறுநீர் மாதிரி தர வேண்டும். முகவரியோ வேலையோ மாறினால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நியாயமான கட்டளை எதையும் மீறக்கூடாது. புதிய குற்றம் கூடாது.

பலரும் மாட்டுவது புதிய குற்றத்தில் அல்ல, அந்த 48 மணி நேரத்தில். சொந்த வீடு இல்லாதவன் ஒரு வாரம் ஒருவன் சோஃபாவில், அடுத்த வாரம் இன்னொருவன் கராஜில் படுப்பான். ஒவ்வொரு இடமாற்றமும் முகவரி மாற்றம். சொல்லாமல் விட்டால் அதுவே மீறல். பரோலை நிறுத்தி வைத்தால் திரும்ப உள்ளேதான்.

'இன்னாரோடு சேராதே' என்றும் கட்டளை வரலாம். சிறை சென்றவனை நம்பி வேலை கொடுக்கிறவன் யார்? பெரும்பாலும் தானும் அந்தப் பக்கம் போய்வந்தவன். வேலை வேண்டுமானால் பழைய ஆளிடம் போக வேண்டும். போனால் அதிகாரி முறைப்பார். பாரிக்கும் டப்பாவுக்கும் நடுவே இருக்கும் முடிச்சு அதுதான்.

———

மேலே எழுதியவர் வேலையைச் சொன்னார், அதற்கு முந்தைய வாரத்தை விட்டுவிட்டார். கையில் காசு.

சென்டர்லிங்க்கில், அதாவது ஆஸ்திரேலிய அரசின் நலத்தொகை அலுவலகத்தில், நெருக்கடி உதவித்தொகை என்று ஒன்று உண்டு. குறைந்தது 14 நாள் சிறையில் இருந்திருக்க வேண்டும். வெளியே வந்த 7 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பது அவனுக்குரிய அரசு உதவித்தொகையில் ஒரு வார அடிப்படைத் தொகை. எட்டாம் நாள் போனால் கையை விரித்துவிடுவார்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. படம் வந்த காலத்தில் 'நூறு புள்ளி' கணக்குதான்: காட்டும் அடையாள ஆவணங்களின் புள்ளிகள் கூட்டினால் நூறு வர வேண்டும். பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ 70, ஓட்டுநர் உரிமம் 40, மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) அட்டை 25. உள்ளே இருந்த வருஷங்களில் உரிமம் காலாவதி. பிறப்புச் சான்றிதழ் எந்த மச்சான் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ. புதிது வாங்கவும் அடையாளம் காட்ட வேண்டும். கோழியா முட்டையா கதை.

படத்தில் பாரியை அடுப்படியில் வைத்தது கதாசிரியரின் கெட்டிக்காரத்தனம். சமையற்காரனுக்கு உரிமம் தேவையில்லை. அதே கடையில் பீர் ஊற்றிக் கொடுக்க இன்று பொறுப்பான மது பரிமாற்றப் பயிற்சிச் சான்று வேண்டும். மது விற்கும் உரிமம் எடுக்கவோ, 'தகுதியான நபர்' என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: பழைய தண்டனையை மறைக்காமல் மறக்க வைக்கும் சட்டம் அங்கே 1986 முதல் இருக்கிறது. பெரிய குற்றத்துக்கு 10 வருஷம் ஒழுங்காக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 30 மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்கு அது பொருந்தாது. பாரி மாதிரி ஆட்களுக்கு ஆயுசுக்கும் கிடையாது.

———

சொத்து முடக்கம் பற்றி யாரும் தொடவில்லை. படத்தின் இரண்டாம் பாதி அதில்தான் நிற்கிறது.

குற்றவழிச் சொத்தைப் பறிக்கும் புதிய சட்டங்கள், குவீன்ஸ்லாந்துடையதும் மத்திய அரசுடையதும், இரண்டுமே 2002-இல் நிறைவேறி 1 ஜனவரி 2003 அன்று நடைமுறைக்கு வந்தவை. படம் வந்ததும் அதே வருஷம். வழக்கறிஞர் நிஸ்ட் சூடு ஆறுவதற்குள் பரிமாறிவிட்டார்.

புதிய சட்டத்தின் கூர்மை: தண்டனை தேவையில்லை. 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற கடும் அளவுகோலும் இல்லை. உரிமையியல் வழக்குபோல, எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும். முதலில் நீதிமன்றம் சொத்தை முடக்கும். அப்புறம், இது நேர்மையாக வந்தது என்று காட்டுவது உன் பாடு. முடக்கிய பணத்திலிருந்து வக்கீல் கட்டணம் கொடுக்கவும் மத்தியச் சட்டம் விடாது. ரொக்கத்தில் வாழ்ந்தவன் ரசீதுக்கு எங்கே போவான்? டப்பா செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் இதை வைத்துப் பாருங்கள், பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது.

———

சாட்சிக்கூண்டுக் காட்சி! அதை விட்டுவிட்டு என்ன பேச்சு?

அந்தக் கூண்டில் ஏறும் சில்லறைக் குற்றவாளி ஜானி ஸ்பிட்டாக வரும் டேவிட் வென்ஹாமுக்கு அந்த வருஷம் ஆஸ்திரேலிய திரைப்படக் கழகத்தின் சிறந்த நடிகர் விருது. சாதாரண நீதிமன்றத்தில் 'என்னை நானே சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்' எனலாம். குவீன்ஸ்லாந்தின் குற்ற, ஊழல் ஆணையம்போன்ற இடங்களில் அந்தக் கேடயம் கிடையாது. வாயை மூடினால் அதுவே குற்றம். சொன்ன பதிலைப் பொதுவாக அவன்மீதே குற்ற வழக்கில் காட்ட முடியாது, பொய் சொன்னால் தவிர. ஆக, மௌனமும் பொய்யும் அடைபட்டால் மிச்சம் ஒரே வழி: புரியாதவனாக இருப்பது. ஸ்பிட் அதைத்தான் செய்கிறான், போதாததற்குப் பஸ் காசும் கேட்கிறான். கேட்டதில் தப்பே இல்லை. அழைக்கப்பட்ட சாட்சிக்கு வழிச்செலவு கொடுப்பது அங்கே பழைய வழக்கம்.

———

தமிழில் வசனம் போடுகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. 'டாக்' என்றால் நாய் இல்லை, போட்டுக்கொடுக்கிறவன். சிறையில் அதைவிடக் கேவலமான பட்டம் இல்லை. 'எட்டப்பன்' என்று போடாதீர்கள், பார்க்கிறவர் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்விடுவார். 'தாங்ஸ்' (thongs) அங்கே ரப்பர் செருப்பு, உள்ளாடை அல்ல. 'மேட்' எல்லா இடத்திலும் நண்பன் இல்லை. மிரட்டும்போதும் 'மேட்'தான், அங்கே நம் 'தம்பி' கச்சிதமாக உட்காரும்.

———

பஸ் காசு சொன்னவருக்கு ஒரு பின்குறிப்பு. 2024 ஆகஸ்ட் முதல் குவீன்ஸ்லாந்து பொதுப் பேருந்து, ரயில், டிராம் எல்லாவற்றுக்கும் கட்டணம் 50 சென்ட். 2025-இல் 'ஸ்பிட்' என்றே தொடர்ச்சிப் படம் வந்தது, அதே இயக்குநர், அதே எழுத்தாளர். போலி பாஸ்போர்ட்டில் திரும்பிய ஜானி, குடிவரவுத் தடுப்பு முகாமில் மாட்டிக்கொள்கிறான். ஐம்பது சென்ட் பஸ்ஸில் ஏறிப் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.