எல்லா விலங்குக்கும் ஒரே துப்பாக்கி: .375 வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வின்ட்ஹூக்வாசி

ஒன்பது மாதம் ஆகிறது. அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை என்று இங்கே எழுதுகிறேன்.

நமீபியாவின் ஸாம்பேசி வட்டாரம், க்வாண்டோ ஆற்றோர நாணல். கூட்டத்தைவிட்டு ஒதுங்கிய கிழட்டு ஆண் எருமை, அறுபது மீட்டர் தூரம். கையில் .375 எச் அண்ட் எச் (.375 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்), 300 கிரெய்ன், அதாவது சுமார் 19 கிராம் எடைக் குண்டு. துப்பாக்கியைத் தாங்கும் முக்கோலில் சாய்த்து, முன்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் சுட்டேன். அடி விழுந்த சத்தம் கேட்டது. எருமை முதுகைக் கூனிக்கொண்டு திரும்பியது. "இன்னொன்று! இன்னொன்று!" என்று வழிகாட்டி கத்துகிறார். போல்ட்டை (வெற்றுக் கூட்டை வெளியே எடுத்து அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும் தாழை) இழுத்தேன், தள்ளினேன், விசையை அழுத்தினேன். 'டிக்'.

எருமை எங்களைப் பார்த்து நின்றது. மூக்கை உயர்த்தி, கொம்பின் அடிப்பாகம் பின்னால் சாய, கீழ்க்கண்ணால் பார்க்கும் அந்தப் பார்வையை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வழிகாட்டியின் .458 துப்பாக்கி வெடித்தது. எருமை விழுந்தது.

பிறகு போல்ட்டைத் திறந்து பார்த்தேன். முதல் தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழவே இல்லை, திரும்பவும் குழலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதன் ப்ரைமரில், அதாவது ஊசி குத்தும் அடிமூடியில், இரண்டு பள்ளங்கள், ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று. நான் போல்ட்டைக் கடைசிவரை இழுக்கவில்லை. பதினோரு வருடம் .30-06 என்ற சிறிய தோட்டாத் துப்பாக்கி வைத்தே கூடு மான், ஓரிக்ஸ் மான் எல்லாம் சுட்டவன் நான். அந்தத் தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 85 மில்லிமீட்டர். .375 எச் அண்ட் எச் 91-ஐத் தாண்டும். ஏழு மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லாத வித்தியாசம். அந்தப் பழைய துப்பாக்கியில் போல்ட் எங்கே நிற்குமோ அங்கேயே என் கை நின்றுவிட்டது.

ஸ்பிரிங்பாக் என்ற சிறு மானிலிருந்து எருமைவரை ஒரே துப்பாக்கி போதும் என்றுதான் இதை வாங்கினேன். இந்தத் தோட்டா வந்த 1912-இலிருந்து எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

டார்வின் வடக்கு

எனக்கு நடந்தது வேறு. ஆனால் ஆபத்து அதேதான்.

வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் லேண்டில் நீர் எருமை. நம் ஊர் எருமையின் இனம்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டு, காட்டில் பெருகியது. என்னிடம் .338 வின்செஸ்டர் மேக்னம். முதல் நாள் சமவெளியில் தூரத்துப் பன்றி ஒன்றுக்காக துப்பாக்கியின் குறிநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, ஒன்பது மடங்கு பெரிதாகக் காட்டும்படி வைத்தேன். மறுநாள் காலை அப்படியே மறந்துவிட்டேன்.

தாழம்புதருக்கு அந்தப் பக்கம் எருமை எழுந்தது, இருபது மீட்டர் இருக்கும். துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணில் வைத்தால் முழுக்கக் கறுப்பு மயிர். சேறு காய்ந்து ஒட்டிய மயிர், ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் தெரிகிறது. தோளா, வயிறா, பின்னங்காலா, எதுவும் புரியவில்லை. ஸ்கோப்பைத் திருகக் கை போவதற்குள் எருமை புதருக்குள் போய்விட்டது. அன்று அது என் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் போனது என் நல்ல நேரம்.

கேலிபர், அதாவது குண்டின் விட்டம், பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஸ்கோப் பற்றி யாரும் கேட்பதில்லை. இப்போது 1.5 முதல் 6 மடங்குவரை உள்ளதை மாட்டியிருக்கிறேன். நடக்கும்போது எப்போதும் 1.5.

செம்மண் தடம்

நண்பர் வின்ட்ஹூக்வாசி, உங்கள் எருமையாவது விழுந்தது.

நான் .375 போதாது என்று நினைத்து .416 ரிக்பி வாங்கியவன். 400 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 2,400 அடி வேகம். காகிதத்தில் படித்தபோது பிரமித்தேன். கலஹாரியில் முதல் வேட்டை ஓரிக்ஸ். அதற்குமுன் பயிற்சித் திடலில் மேசையில் வைத்து ஒரே காலையில் பன்னிரண்டு தோட்டா சுட்டிருந்தேன், தோள் கன்றிப்போய்விட்டது. அது தோளோடு நிற்கவில்லை. விசையை அழுத்துமுன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். எனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

நூற்றிருபது மீட்டர். ஓரிக்ஸ் அசையாமல் பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். ஓடியது. தடம் பார்ப்பவர் குனிந்து ஒரு புல்லின் நுனியைக் காட்டினார். கடுகளவு ரத்தம், கருஞ்சிவப்பு, நுரை இல்லை. "நுரையீரல் இல்லை, குடல்" என்றார். ஐந்து மணி நேரம் நடந்தோம். நடுவில் ஒருமுறை மணல்மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தது. நிழலோடு சேர்ந்து அந்த இரண்டு நேர்க்கொம்புகள். நான் துப்பாக்கியை உயர்த்துவதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. இருட்டிவிட்டது. மறுநாளும் தேடினோம், கிடைக்கவில்லை.

ரத்தம் விழுந்தால் கட்டணம் கட்ட வேண்டும், ஆப்பிரிக்காவில் அதுதான் நடைமுறை. கட்டினேன். அது ஒன்றும் பெரிதில்லை. அந்த விலங்கு அந்த இரவு எப்படிக் கழித்திருக்கும் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தூக்கம் கெடுகிறது.

மௌசர் மாணவன்

வின்ட்ஹூக்வாசி அவர்களே, ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு நடந்ததை உங்கள் கையின் தவறு என்று முடித்துவிட்டீர்கள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த அன்றே அது நடந்துவிட்டது என்பேன்.

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். வேட்டை உரிமத் தேர்வு எழுதி எட்டு வருடம் ஆகிறது. என்னிடம் இருப்பது 9.3×62. 1905-இல் பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ போக் என்ற துப்பாக்கிக் கைவினைஞர், ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மானியருக்காக உருவாக்கியது. சாதாரண மௌசர் 98 என்ற ஜெர்மன் துப்பாக்கியின் நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் அவர் வகுத்த அளவு. அதனால் உங்கள் .30-06-இலிருந்து இதற்கு மாறினால் கை புதிதாக எதையும் கற்க வேண்டாம், போல்ட் நிற்கும் இடம் ஏறத்தாழ அதேதான். என் அனுபவம் சின்னது: அந்தி மங்கலில் சோளக்காட்டு ஓரம் ஆண் பன்றி ஒன்று, முதல் குண்டு வாங்கியும் என் பக்கமே ஓடிவந்தது. இரண்டாவது தோட்டா எப்போது உள்ளே போனது என்று எனக்கு நினைவே இல்லை. பன்றி என் காலடியிலிருந்து நான்கு எட்டில் விழுந்தது. யோசிக்காமலே கை அதைச் செய்து முடித்திருந்தது.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். .375-ஐ விற்பதில்லை என்றால், வெடிக்காத பயிற்சித் தோட்டா நான்கு வாங்குங்கள். தினமும் இரவு, உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமல் இருபது முறை போல்ட்டை இழுங்கள். தோளிலிருந்து எடுத்து இழுப்பவர்கள்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். போல்ட் கடைசியில் போய் நிற்கும் பின்தடையில் இடிக்கும் சத்தம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேசையில் வைத்துச் சுடுவதை ஸ்கோப் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று தோட்டாவுக்குமேல் வேண்டாம். மீதியை நின்றுகொண்டு முக்கோலில் சுடுங்கள், நிற்கும்போது உடம்பு பின்னால் போய் உதையை வாங்கிக்கொள்ளும். செம்மண் தடம் நண்பருக்கு நடந்ததற்கு மேசைதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். .30-06-ஐவிட .375 ஏறத்தாழ இரண்டு மடங்கு உதைக்கும், .416 அதற்கும் மேலே. துப்பாக்கியின் எடையை நான்கு கிலோவுக்குக் கீழே குறைக்காதீர்கள், நடக்கச் சுகமாக இருக்கும், சுடும்போது அழ வைக்கும். விமானத்தில் போவதானால் தோட்டா பொதுவாக ஐந்து கிலோதான், துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வைக்கவும் பல நிறுவனங்கள் விடுவதில்லை. உரிமத்தில் எழுதிய கேலிபரும் தோட்டாவின் அடியில் பொறித்த கேலிபரும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

ஆல்பர்ட்டா பனி

இங்கே மூஸ் என்ற பெரிய மான் வேட்டையில் எனக்கு .30-06-ஐத் தவிர வேறெதுவும் தேவைப்பட்டதில்லை. ஐந்து மூஸ், ஐந்து தோட்டா. அந்தக் கால யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் ஆயிரத்துக்குமேல் யானை சுட்டார், அவற்றில் பெரும்பாலானவை .275 ரிக்பி என்ற சிறிய தோட்டாவால். குண்டு போகும் இடம்தான் எல்லாம். இந்தப் பெரிய கேலிபர் மோகமே தேவையில்லாதது.

செம்மண் தடம்

ஆல்பர்ட்டா நண்பரே, பெல்லின் பெயரைச் சொல்லும் எல்லாரும் அவர் யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்ததைச் சொல்வதில்லை. அவருக்கு அது அன்றாடத் தொழில். நாம் வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்கள். அவரைப் பார்த்து .275 எடுத்துக்கொண்டு எருமைக்குப் போகிறவன் தடம் பார்ப்பவரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான். நாணலுக்குள் முதலில் நுழைவது அவர், கையில் ஒரு கோல்தான் இருக்கும். இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

உங்கள் ஐந்து மூஸுக்கு என் மரியாதை. நான் அந்த ஓரிக்ஸுக்கு .30-06 கொண்டுபோயிருந்தால் அது அன்று மாலையே கிடைத்திருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வின்ட்ஹூக்வாசி

எல்லாருக்கும் நன்றி. மௌசர் மாணவன் அவர்களே, 9.3×62-ஐ நானும் முதலில் பார்த்தேன். இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது: ஒவ்வொரு விலங்குக்கும் குண்டின் ஆற்றல் இவ்வளவாவது இருக்க வேண்டும். ஸ்பிரிங்பாக்குக்கு 1,350 ஜூல், ஓரிக்ஸ், கூடு, இலாண்ட் மான்களுக்கு 2,700, எருமைக்கும் யானைக்கும் 5,400. உங்கள் 286 கிரெய்ன் தோட்டா வழக்கமான வேகத்தில் 4,800 ஜூல் அளவில் நின்றுவிடும். .375 எச் அண்ட் எச் 5,700-ஐத் தாண்டும். ஓரிக்ஸுக்கு உங்கள் 9.3 அருமையான துப்பாக்கி, எருமைக்கு என்னால் அதைக் கொண்டுபோக முடியாது.

அந்தத் 'தோளிலிருந்து எடுக்காமல்' என்ற விஷயம் சரியாக இருக்கிறது. நான் துப்பாக்கியை இறக்கித்தான் இழுத்தேன். எருமை என்ன செய்கிறது என்று பார்க்க. உங்கள் பதிலைப் படிக்கும்வரை அது என் நினைவில் இல்லை. நேற்று இரவு பயிற்சித் தோட்டா வைத்து இழுத்துப் பார்த்தேன். இருபதில் மூன்று முறை பின்தடைச் சத்தம் கேட்கவில்லை.

அந்த ஏழு மில்லிமீட்டருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2007-இல் வந்த .375 ரூகர் அதே .375 குண்டுகளை .30-06 நீளத்துக்குள் அடக்குகிறது, வேகமும் குறையவில்லை. என் தயக்கம் தோட்டாதான். எச் அண்ட் எச் தோட்டாவைக் காட்டோரச் சின்ன ஊரிலும் கேட்டு வாங்கிவிடலாம். ரூகர் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: பெட்டி வந்து சேராத ஒரு பயணத்தில் தோட்டாவுக்கு என்ன செய்தீர்கள்?