மஞ்சள் முதல் சர்ப்பகந்தா வரை: வெளிச்சத்தில் கெடும் மூலிகைச் சரக்கு – அனுபவப் பகிர்வு

உலர்களத்தில்
வேகவைத்த மஞ்சளை 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். சீக்கிரம் காயட்டும் என்று மெல்லிசாகப் பரப்பினால் நிறம் அடிபடும். காய 10–15 நாள் ஆகும். ராத்திரியில் குவித்து மூடிவிட வேண்டும். மஞ்சளைச் சீவலாக நறுக்கிக் காயவைக்கிறவர்கள் வெயிலை நம்பவே கூடாது. நறுக்கிய பக்கம் முழுக்க வெளிச்சம் பட்டு மேலாக வெளுத்துவிடும். சூட்டுக்காற்று உலர்த்திதான் சரி, அதுவும் 60 டிகிரியைத் தாண்டாமல்.

ஆய்வகத்தில்
வெளுப்பதற்குக் காரணம் இதுதான்: மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அதிகமாக உறிஞ்சுவது 425 நானோமீட்டர் பக்கத்து ஒளியை. அது கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஆகவே புற ஊதாவை மட்டும் தடுத்துப் பயனில்லை, சன்னலோர வெளிச்சமே போதும், மூலக்கூறு உடைந்து வனிலின், ஃபெருலிக் அமிலம் என்று சிதறும்.

சோதித்துப் பார்க்க: தூய குர்குமின் 5 மி.கி. எடுத்து 100 மி.லி. எத்தனாலில் கரையுங்கள். அதில் 5 மி.லி. எடுத்து மறுபடியும் 100 மி.லி. ஆக்குங்கள். 425 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவு (absorbance) 0.42-ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டு குழாயில் ஊற்றி, ஒன்றை அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றி, இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிறகு மறுபடி அளந்து பாருங்கள். சுற்றியதிலும் அளவு இறங்கினால் பழியை வெளிச்சத்தின் மேல் போடாதீர்கள். சூட்டையோ கண்ணாடியில் ஒட்டிய சோப்பையோ பாருங்கள். காரம் பட்டால் குர்குமின் சிவந்து, இருட்டிலும் உடையும். இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: மூடி தளர்ந்து எத்தனால் ஆவியானால் கரைசல் அடர்ந்து, இழப்பே இல்லாததுபோல் அளவு காட்டும்.

மருந்து தயாரிப்பில்
நிறம் மங்கினால்தான் கெட்டது என்ற கணக்கு ரத்த அழுத்த மருந்தான ரெசர்பினுக்கு ஒத்துவராது. சர்ப்பகந்தாவிலிருந்து எடுக்கும் இந்த மருந்தின் கரைசல் வெளிச்சத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். அங்கே நிறம் ஏறுவதுதான் எச்சரிக்கை. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசிமருந்துக்கு 2–8 டிகிரி குளிரும் வேண்டும், வெளிச்சம் படாமலிருக்க அட்டைப்பெட்டியும் வேண்டும். குளிர்பெட்டியில் இருக்கிறதே என்று பெட்டியைப் பிரித்து வைப்பது தவறு.

புட்டி விஷயம்
பழுப்புக் கண்ணாடி 450 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைப் பெருமளவு தடுக்கும். நீலப் புட்டி அழகுக்குத்தான் ஆகும். குர்குமினைக் கெடுக்கும் நீல ஒளியை அதுவே உள்ளே விடுகிறது. கடைகளில் மஞ்சள் தூளைத் தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் முன்வரிசையில் அடுக்குவதை முதலில் நிறுத்த வேண்டும். வேறு டப்பா இல்லையென்றால் காகிதம் சுற்றி அலமாரிக்குள் வையுங்கள்.