ஒயிட் ட்வார்ஃப் பிறந்தது 1977ல், 1975ல் இல்லை

மணிமேடைப் பகடை:
"1975ல் தொடங்கி, எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் வளர்ந்த பிரிட்டிஷ் விளையாட்டு இதழ் ஒயிட் ட்வார்ஃப்" என்று நேற்று ஒருத்தர் இங்கே எழுதினார், நீங்களும் வரிசையாகக் கை தட்டினீர்கள். ஒருத்தருக்கும் அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையா? முதல் இதழ் 1977. அட்டையில் ஜூன்/ஜூலை என்று சேர்த்துப் போட்டிருக்கும், அப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வந்தது. 1975ல் வந்தது ஆவுல் அண்ட் வீசல். அது வேறு இதழ். எழுதினவர் தக்கலைக்காரர் என்பதால் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

தக்கலை ஆடுபுலி:
பெயரைச் சொல்லியே திட்டலாம் வே, நான் இங்கேதான் இருக்கிறேன். ஆவுல் அண்ட் வீசலை நடத்தியது யார்? இயன் லிவிங்ஸ்டனும் ஸ்டீவ் ஜாக்சனும். ஒயிட் ட்வார்ஃப் யாருடையது? அவர்கள் தொடங்கிய அதே கேம்ஸ் ஒர்க்ஷாப் கம்பெனியுடையது. 1975 பிப்ரவரியில் தொடங்கி 25 இதழ் போட்டு 1977 ஏப்ரலில் நிறுத்தினார்கள், ஜூனில் பெயரை மாற்றி, தாளைக் கொஞ்சம் பளபளப்பாக்கி மறுபடி வந்தார்கள். வடசேரிச் சந்தையில் ஒரு கடை பெயர்ப் பலகையை மாற்றினால் அண்ணாச்சி புதிதாகப் பிறந்தார் என்பீரா? அந்தப் பழைய இதழ் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டை வெளியிட்டவர்கள் கையில் கிடைத்ததால்தான் அவர்கள் அதை அனுப்பிவைத்தார்கள், இவர்கள் ஆறே ஆறு பிரதிக்கு ஆர்டர் கொடுத்து ஐரோப்பா முழுவதும் விற்கும் உரிமையை வாங்கினார்கள். அந்த உரிமை இல்லாமல் ஒயிட் ட்வார்ஃப் ஏது?

மணிமேடைப் பகடை:
கதை நன்றாக இருக்கிறது. தொடர்ச்சி என்றால் 26ஆம் எண் எங்கே? அட்டையில் 1 என்றுதானே போட்டிருக்கிறது?

தோவாளைப் பிச்சி:
வருசத்தை விடுங்கள். "எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல்" என்பதை ஏன் யாரும் கேட்கவில்லை? நடத்தியதே ஒரு கம்பெனி. ஆனால் ஆரம்ப வருடங்களில் டிராவலர், ரூன்குவெஸ்ட் என்று அடுத்தவர் விளையாட்டுகளுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார்கள். வாசகர்கள் உருவாக்கிய பூதங்களுக்கு ஃபீண்ட் ஃபாக்டரி என்று தனிப் பகுதியே இருந்தது, அதிலிருந்து நிறைய எடுத்துத்தான் 1981ல் ஃபீண்ட் ஃபோலியோ என்ற பூதத் தொகுப்புப் புத்தகமே வந்தது. எண்பதுகளின் கடைசியில்தான் அவர்களுடைய சொந்த விளையாட்டான வார்ஹாமரும் சொந்த பொம்மைகளும் தவிர வேறெதுவும் உள்ளே வராமல் போனது. சுதந்திரம் என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசலாமே?

மணிமேடைப் பகடை:
பேசலாம் மக்கா, முதலில் 1977 என்று அவர் ஒத்துக்கொள்ளட்டும்.

மார்த்தாண்டம் மட்டி:
ஸ்டீவ் ஜாக்சன் அமெரிக்காக்காரர் இல்லையா? டெக்சாஸில் கம்பெனி வைத்திருக்கிறாரே?

மணிமேடைப் பகடை:
அவர் வேறு, இவர் வேறு. நம்ம ஊரில் தெருவுக்கு நாலு செல்வராஜ் இல்லையா? அமெரிக்க ஜாக்சன், பிரிட்டிஷ் ஜாக்சனும் லிவிங்ஸ்டனும் நடத்திய, வாசகரே வழியைத் தேர்ந்தெடுத்து ஆடுகிற ஃபைட்டிங் ஃபேன்டஸி புத்தக வரிசையிலேயே மூன்று புத்தகம் எழுதிவிட்டார், அட்டையில் எந்த ஜாக்சன் என்று தனியாகச் சொல்லவும் இல்லை. அப்போதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. உமக்குத் தெரியாதென்றால் தப்பில்லை. தெரிந்தே 1975 என்று எழுதுகிறவர்தான் தப்பு.

மார்த்தாண்டம் மட்டி:
சரி, இன்னொன்று. கேம்ஸ் ஒர்க்ஷாப்பில் மூன்றாவது ஆளாக ஜான் பீக் என்று ஒருவர் இருந்தார், முதலில் அவர்கள் விற்றது அவர் கையால் செய்த மரப்பலகைகள். அதில் மங்காலாவும் உண்டு. குழிகளில் விதை போட்டு ஆடும் மங்காலா நம்ம பல்லாங்குழிக்கு உறவுக்காரன்தானே? எங்கள் வீட்டில் மஞ்சாடிக்குரு போட்டு ஆடுவோம்.

தக்கலை ஆடுபுலி:
மஞ்சாடியா? பல்லாங்குழி என்றால் புளியங்கொட்டை. மஞ்சாடி பார்க்க அழகு, விரலில் நிற்காது.

மார்த்தாண்டம் மட்டி:
உங்கள் விரலில் எதுதான் நின்றது.

மணிமேடைப் பகடை:
பேச்சை மாற்ற வேண்டாம். உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு எல்லாம் அதற்கு முன்பும் இருந்தன, ஆட்களும் அதே ஆட்கள். அதற்காகக் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் ராஜா காலத்தில் பிறந்தது என்று எவனாவது சொல்வானா? இதழும் அப்படித்தான். 1977.

தக்கலை ஆடுபுலி:
எங்கள் பத்மநாபபுரம் அரண்மனை 1956ல் வானத்திலிருந்து இறங்கியதா வே?

மணிமேடைப் பகடை:
அந்த அரண்மனையை இன்றைக்கும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. முதலில் அதை வாங்கிவிட்டு என்னிடம் வாரும்.

தோவாளைப் பிச்சி:
நான் கேட்டதும் அதுதான்! கட்டடம் இங்கே, சாவி அங்கே. அந்த இதழுக்கும் ஆசிரியர் இருந்தார், வாசகர் கடிதம் இருந்தது, சாவி மட்டும் கடைக்காரரிடம். அப்படியிருந்தால் அது சுதந்திர இதழா?

மணிமேடைப் பகடை:
தோவாளை, உமக்கு அப்புறம் பதில் சொல்கிறேன்.

தக்கலை ஆடுபுலி:
சொல்ல மாட்டார். இவருக்கு இதழ் மேல் என்ன அக்கறை என்று எனக்குத் தெரியும். கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா கொண்டுவந்த நாலு பழைய ஒயிட் ட்வார்ஃபை 2011ல் "ஒரு வாரம்" என்று வாங்கிக்கொண்டு போனார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

மணிமேடைப் பகடை:
இரண்டைக் கரையான் தின்றது என்று அப்போதே சொன்னேன். மிச்சம் இரண்டையும் உமது தம்பியிடம் கொடுத்தாயிற்று.

தக்கலை ஆடுபுலி:
எனக்குத் தம்பியே கிடையாது.

மணிமேடைப் பகடை:
தம்பி மாதிரி இருந்தான். அது கிடக்கட்டும், இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், முதல் இதழின் அட்டையில் என்ன வருசம் போட்டிருக்கிறது?

தக்கலை ஆடுபுலி:
என் இதழ்களைத் திருப்பிக் கொடும், பார்த்துச் சொல்கிறேன்.

மணிமேடைப் பகடை:
அந்த நாலில் முதல் இதழே கிடையாது!

தக்கலை ஆடுபுலி:
ஆக, கையில் இல்லாத இதழின் அட்டையை வைத்துத்தான் இவ்வளவு நேரம் சண்டை போட்டீர். 1975.

மார்த்தாண்டம் மட்டி:
அம்மாவிடம் கேட்டுவிட்டேன். மஞ்சாடிதான்.