கதவைத் தட்டுவது போலீஸா, பவுண்டி ஹண்டரா?

டெக்சஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் பயந்துபோய் எழுதியிருக்கிறார். இடுப்பில் பேட்ஜும் துப்பாக்கியுமாக இரவில் இரண்டு பேர் வந்து, அதே அபார்ட்மென்ட்டில் முன்பு குடியிருந்தவரைத் தேடினார்களாம். போலீஸ் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டாராம். விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்கிறார்.

வராது தம்பி. வந்தவர்கள் போலீஸ் இல்லை, பவுண்டி ஹண்டர்கள். ஜாமீனில் வெளியே வந்து ஓடிவிட்டவர்களைக் கூலிக்குப் பிடித்துக் கொடுக்கும் ஆட்கள். உங்கள் விசாவைப் பற்றிக் கேட்கவே அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டவும் வேண்டாம்.

ஜாமீன் இங்கே ஒரு வியாபாரம். தொகையைக் கட்ட முடியாதவருக்காக பாண்ட் கம்பெனி கோர்ட்டில் பொறுப்பேற்கும். அதற்குப் பெரும்பாலும் 10 சதவீதம் கட்டணம். வழக்கில் விடுதலையானாலும் அந்தப் பணம் திரும்பி வராது. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் முழுத் தொகையும் கம்பெனி தலையில் விழும். அதனால்தான் ஆளைப் பிடிக்க ஆள் அனுப்புகிறார்கள். 1872-இல் டெய்லர் எதிர் டெய்ன்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை மிகத் தாராளமாக விளக்கியது: ஜாமீன் கொடுத்தவர் ஓடியவரை வேறு மாநிலம்வரை துரத்தலாம், தேவையானால் அவர் வீட்டுக்குள் உடைத்துக்கொண்டும் நுழையலாம். ஆனால் இந்த உரிமை ஜாமீன் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் உள்ள உறவிலிருந்து வருவது. எதிலும் கையெழுத்துப் போடாத உங்கள் வீட்டுக்கு அது செல்லாது.

அதற்கப்புறம் பல மாநிலங்கள் கடிவாளம் போட்டுவிட்டன. இல்லினாய், கென்டக்கி, ஆரெகன், விஸ்கான்சின் ஆகியவை இந்த ஜாமீன் வியாபாரத்தையே தடை செய்துவிட்டன. ஃப்ளோரிடாவில் லைசென்ஸ் பெற்ற பெயில் ஏஜென்ட்தான், அதாவது ஜாமீன் முகவர்தான், ஓடியவரைப் பிடிக்கலாம். கலிஃபோர்னியாவில் 2023 ஜூலை முதல் இதற்கென்றே லைசென்ஸ் வேண்டும். அவசர நிலை தவிர, பிடிக்கப் போவதற்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

உங்கள் டெக்சஸில் யார் வேண்டுமானாலும் இந்த வேலைக்கு வர முடியாது. போலீஸ் அதிகாரி, லைசென்ஸ் உள்ள தனியார் துப்பறிவாளர், ஆயுத அனுமதி பெற்ற செக்யூரிட்டி அதிகாரி, இவர்கள் மட்டும்தான். துப்பறிவாளர் என்றால், வீட்டில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் உள்ளே காலடி வைக்கக் கூடாது; அரசு அதிகாரி என்று நினைக்கவைக்கும் பேட்ஜோ யூனிஃபார்மோ அணியக் கூடாது. நீங்கள் கதவைத் திறந்து வழிவிட்டதையே சம்மதம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நம் ஊரில் காக்கியைப் பார்த்ததும் வழிவிட்டே பழகியவர்கள் நாம். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை கதவைத் திறக்காமலே பேசுங்கள். நீங்கள் போலீஸா என்று நேராகக் கேளுங்கள். லைசென்ஸையும் ஜாமீன் பத்திரத்தையும் ஜன்னல் வழியாகக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஆள் இங்கே இல்லை, உள்ளே வர நான் சம்மதிக்கவில்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டு 911-ஐ அழையுங்கள். தள்ளுமுள்ளு மட்டும் வேண்டவே வேண்டாம், அவர்கள் கையில் துப்பாக்கி இருக்கலாம். வாரன்ட்டோடு வருவது உண்மையான போலீஸ் என்றால் கதை வேறு, அப்போது தடுக்காதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. குடித்துவிட்டு கார் ஓட்டி மாட்டிய ரூம்மேட்டுக்காக நள்ளிரவில் பாண்ட் கம்பெனிக்குப் போய் இணைக் கையெழுத்துப் போடுவது. அவன் ஓடினால் முழுத் தொகையும் உங்களிடம் கேட்பார்கள், பிடிக்க ஆன செலவையும் சேர்த்து. உங்கள் வீட்டைச் சோதிக்க அனுமதி தரும் வரி அந்தப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

தான் பிணை நின்ற மருமகன் சொல் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று கனடாவில் இருக்கும் அண்ணன் ஒருவரும் கேட்டிருந்தார். அங்கே இந்த வியாபாரமே கிடையாது. பிணை நிற்பவருக்கு ஈடுகட்டப் பணம் கொடுப்பதே குற்றம். 1981-இல் ஃப்ளோரிடா வழக்கில் வராமல் போன ஒருவரை டொராண்டோவிலிருந்து இரண்டு அமெரிக்க பவுண்டி ஹண்டர்கள் கடத்திப் போனார்கள். அவர்களை நாடு கடத்திக் கொண்டுவந்து கனடா ஆள்கடத்தலுக்குத் தண்டித்தது. நீங்கள் பிணை நின்ற மருமகன் சொல் கேட்கவில்லை என்றால் அவரைத் தேடிப் போகாதீர்கள் அண்ணா. பிணையிலிருந்து விடுவிக்கும்படி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். கைது உத்தரவை நீதிமன்றம் கொடுக்கும், பிடிப்பது போலீஸின் வேலை.