பலெர்மோவில் அம்மா சமைக்கும் சூடை மீன் பாஸ்தா

எங்கள் வீட்டில் பாஸ்தா என்றால் சூடை மீனும் காட்டுப் பெருஞ்சீரகத் தழையும் சேர்த்துச் செய்யும் சிசிலிப் பாஸ்தாதான். தமிழ்நாட்டில் மத்தி என்றும் சாளை என்றும் சொல்லப்படும் மீனைத்தான் யாழ்ப்பாணத்தவரான நாங்கள் சூடை என்கிறோம். 1983க்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியேறிய தமிழரில் ஒரு பகுதியினர் இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் குடியேறினார்கள். அவர்களில் மிகப் பலர் இத்தாலியர் வீடுகளில் வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும் செய்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். என் அம்மாவும் அப்படித்தான். அவர் பராமரித்த மூதாட்டியை நாங்கள் சிஞ்ஞோரா என்று அழைத்தோம். அம்மா இந்தச் சமையலைக் கற்றுக்கொண்டது அவருடைய குசினியில், அதாவது சமையலறையில்தான்.

சிஞ்ஞோராவால் நெடுநேரம் நிற்க முடியாது. அடுப்புக்கு அருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மாவுக்கு அப்போது இத்தாலிய மொழி அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் சூடை மீனை எப்படிக் கையாள்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தலையைக் கிள்ளிக் குடலோடு சேர்த்து இழுத்து, பெருவிரலை வயிற்றுக்குள் விட்டு வால்வரை ஓட்டி, மீனைப் புத்தகம்போல விரித்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார். அதைப் பார்த்த நாளிலிருந்து சிஞ்ஞோரா மீன் விடயத்தில் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டாராம். அம்மா இன்றும் பெருமையோடு சொல்லும் கதை இது.

நான்கு பேருக்கு ஏறத்தாழ 400 கிராம் பாஸ்தாவும் அரைக் கிலோ மீனும் போதும். பாஸ்தா நடுவில் துளையுள்ள நீண்ட புக்காத்தீனி வகையாக இருக்க வேண்டும். முதலில் பெருஞ்சீரகத் தழையை உப்பு நீரில் அவித்து எடுக்க வேண்டும். அந்த நீரைக் கொட்டிவிடாமல் அதிலேயே பாஸ்தாவையும் வேகவிட வேண்டும், ஏனென்றால் தழையின் வாசனை மாவுக்குள் இறங்குவது அப்போதுதான். ஒலிவ் எண்ணெயில் வெங்காயத்தை மெதுவாக வதக்கி, உப்பில் ஊறிய நெத்தலியில் மூன்று நான்கு துண்டுகளைப் போட்டால் அவை கரைந்து காணாமற்போகும். பின்னர் உலர்திராட்சை, பைன் விதை, பொடியாக அரிந்த தழை, நீரில் கரைத்த குங்குமப்பூ என ஒவ்வொன்றாகச் சேர்த்து, மீனைக் கடைசியாகப் போட வேண்டும். சூடை விரைவில் வெந்துவிடும். பாஸ்தாவைக் கலந்தபின் சற்று நேரம் மூடி வைத்துவிட்டுப் பரிமாறினால் சுவை சேர்ந்திருக்கும்.

இதற்குப் பாலாடைக்கட்டி தூவக் கூடாது என்பதில் சிஞ்ஞோராவைப் போலவே அம்மாவும் உறுதியாக இருக்கிறார். நானும் அந்தப் பக்கம்தான். மேலே தூவ வேண்டியது வறுத்த பாண் தூள். பாண் என்று நாங்கள் சொல்வது ரொட்டியை. காய்ந்த பாணை உதிர்த்து, சில துளி எண்ணெய் விட்டு, கையெடுக்காமல் கிளறி, வறுத்த தேங்காய்ப்பூவின் நிறம் வரும்போது இறக்கிவிடுவார். மார்ச் 19 அன்று வரும் புனித சூசையப்பர் திருநாளில் இந்தப் பாஸ்தாவைச் சமைப்பது சிசிலியில் வழக்கம். அவர் தச்சர் அல்லவா, பாண் தூள் அவருடைய பட்டறையின் மரத்தூளைக் குறிக்கிறது என்று சொல்வார்கள். காட்டுப் பெருஞ்சீரகம் மலைச்சரிவெங்கும் தளிர்த்து, பலெர்மோவின் பல்லாரோ சந்தையில் கட்டுக்கட்டாக வந்து இறங்குவதும் அந்தப் பருவத்தில்தான்.

அம்மா முதன்முதலில் இதை வீட்டில் சமைத்தபோது அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, “மீனுக்கு ஆராவது பிளம்ஸ் போடுவினமோ?” என்று கேட்டார். உலர்திராட்சையைத்தான் நாங்கள் பிளம்ஸ் என்போம். இனிப்பும் மீனும் ஒரே கவளத்தில் வருவது எங்கள் நாக்குக்குப் புதிது. ஆனால் இந்தச் சேர்க்கைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 827ஆம் ஆண்டில் சிசிலியின் மசாரா ஊர் அருகே வந்திறங்கிய அரபுப் படையின் சமையற்காரர், கரையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு இதை ஆக்கினார் என்பது சிசிலியில் வழங்கும் கதை. அது கதையாகவே இருக்கட்டும். பலெர்மோவுக்குக் கிழக்கே உள்ள திராபியா என்னும் ஊரில் பாஸ்தா செய்து கப்பலில் பிற நாடுகளுக்கு அனுப்பினார்கள் என்று 1154இல் புவியியலாளர் அல்-இத்ரிசி எழுதிவைத்திருப்பது வரலாறு. பிற்காலத்தில் இதையெல்லாம் நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் ஆர்வத்தோடு கேட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

எனக்கு மிக நெருக்கமான நினைவு ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்ந்தது. பலெர்மோத் தமிழர்கள், சைவர் கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி, மோந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் குகைக்குள் இருக்கும், பலெர்மோவின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவின் கோவிலுக்கு நடந்து ஏறுவார்கள். நாங்களும் விடியற்காலையில் ஏறி, நேர்த்தி வைத்துவிட்டு, இறங்கி வரும் வழியில் நிழல் பார்த்து உட்கார்ந்து, முதல் நாள் செய்த பாஸ்தாவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பகிர்ந்து உண்போம். காலையில் அதைத் தாச்சியில் எண்ணெய் விட்டு இருபுறமும் முறுக வைத்துக் கட்டிக்கொடுத்திருப்பார் அம்மா. முறுகிய ஓரத் துண்டுக்காக நானும் தங்கையும் சண்டை போடாத ஞாயிறு இல்லை.

வேலை குறைந்து கையில் பணமில்லாத மாதங்களும் இருந்தன. அப்போது சூடை மீன் இல்லாமல், நெத்தலியும் தழையும் பாண் தூளும் மட்டுமே இருக்கும். சிசிலி ஏழைகளும் அவ்வாறே செய்து, சூடை இன்னும் கடலில்தான் இருக்கிறது என்று அந்தப் பாஸ்தாவுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. அதற்கு அம்மாவின் கைப்பக்குவத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சிஞ்ஞோரா இப்போது இல்லை. அவருடைய மகள் ஒவ்வொரு சூசையப்பர் திருநாளுக்கும் அம்மாவை அழைத்து, தன் தாயின் அந்த அடுப்பிலேயே சமைக்கச் சொல்கிறார். தன் வீட்டுச் சுவை இப்போது அம்மாவிடம்தான் இருக்கிறது என்று விருந்தினர் முன்னிலையில் சொல்லவும் அவர் தயங்குவதில்லை. லண்டனில் இருக்கும் தங்கைக்குக் காட்டுப் பெருஞ்சீரகம் கிடைப்பதில்லை. கடையில் விற்கும் பெருஞ்சீரகக் கிழங்கின் மேலுள்ள பச்சைத் தழையை அரிந்து போட்டு, பாஸ்தா அவியும் நீரில் ஒரு கரண்டி பெருஞ்சீரக விதையைத் துணியில் முடிந்து போடும்படி அம்மா தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தார். வெளிநாடுகளில் இருந்து இதைச் செய்து பார்க்க விரும்புவோரும் அப்படியே செய்யலாம். மீன் மட்டும் தகரப்பேணியில் அடைத்ததாக இல்லாமல், அன்றன்று வாங்கியதாக இருக்கட்டும்.